பழைய ஜீப்பின் உள்விளக்கு வயரிங்: சாதாரணச் செம்பா, ஈயம் பூசியதா?

கோத்தகிரியில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. மிச்ச நாளில் மூடுபனி. கேன்வாஸ் கூரை போட்ட பழைய ஜீப்பில் முதலில் கண்ணை மூடுவது உள்விளக்குதான். என் வண்டி வயரைச் சீவினால் பச்சைக் களிம்புதான் வந்தது. மொத்தமாக மாற்றும்போது முன்னால் இருந்தவை இரண்டு: ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்பு வயர், படகுகளில் போடுகிற ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூசிய செம்பு வயர். நான் போட்டது இரண்டாவது.

மின்சாரம் கடத்துவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 12 வோல்ட்டில் 10 வாட் பல்பு ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. 1 சதுர மி.மீ. வயர் எதுவானாலும் தாராளம். விலையில் சாதாரண வயருக்குத்தான் வெற்றி. மற்றதைக் கோவையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

பராமரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. எந்த வயரும் லக் (இணைப்புக்கான உலோக முனை) மாட்டிய நுனியில் ஒரு நாள் கெடும். அப்போது அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புது லக் அடிக்க முடிய வேண்டும். சாதாரண வயரில் இழைகளுக்கு நடுவே ஈரம் புகுந்து உறைக்குள்ளேயே மேலே ஏறிவிடுகிறது. வெட்ட வெட்டக் கறுப்புதான். அதில் லக்கும் சரியாகப் பிடிக்காது, சால்டரும் ஒட்டாது. கடைசியில் வயர் நீளம் பற்றாமல் போய் ஒட்டு மேல் ஒட்டு. ஈயம் பூசியதில் ஒவ்வொரு இழைக்கும் தனிப் பூச்சு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற அதே கதை. நுனி கெட்டாலும் சற்று உள்ளே வெள்ளையாகவே இருக்கும்.

வயரை மட்டும் மாற்றினால் போதாது. ஜீப்பில் நெகட்டிவுக்குத் தனி வயர் கிடையாது, மின்சாரம் இரும்பு பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. விளக்கு மங்குவதற்குப் பல நேரம் அந்த பாடியோடு இணைக்கிற, துருப்பிடித்த எர்த் போல்ட்தான் காரணம். ஃபைபர் படகில் அந்த வசதியே கிடையாது என்பதால் நெகட்டிவுக்கும் தனி வயர் ஓடும். நானும் அப்படியே இழுத்துவிட்டேன். இணைப்புகளுக்கு சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்து (லக்கை வயரோடு இறுக்கி நசுக்கி), மேலே சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள குழாய் போட்டேன். சால்டர் ஏறிய இடம் விறைத்துவிடும். நம் ரோட்டுக் குலுக்கலில் அதன் விளிம்பில்தான் இழை ஒடியும்.

சரி, இது பார்த்திருப்பது ஒரே ஒரு மழைக்காலம். பத்து வருடம் தாங்கும் என்று அனுபவத்தை வைத்துச் சொல்ல என்னால் முடியாது. இங்கே கடலோர உப்புக்காற்றும் இல்லை. தகரக் கூரையும் தினசரி ஓட்டமும் உள்ள வண்டி என்றால் சாதாரண வயரே போதும் என்றுதான் சொல்வேன்.

வாங்குமுன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைக்கு அடியில் செம்பு நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம்.