முதலாம் தரத்துக்கு நகரத்துப் பாடசாலையா, ஊர்ப் பாடசாலையா: பதினொன்றரை மணிக் கணக்கு

ஆரையம்பதியில் வசித்துக்கொண்டு, தான் மட்டக்களப்பு நகரத்துத் தேசியப் பாடசாலை ஒன்றில் படித்திருக்கும் எந்தத் தாய்க்கும், பிள்ளைக்கு நாலரை வயதாகும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். பழைய மாணவி என்ற உரிமையைக் காட்டிப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்புவதா, அல்லது நடந்து போகும் தூரத்தில் இருக்கும், ஐந்தாம் தரம் வரை மட்டுமே உள்ள ஊர்ப் பாடசாலையில் சேர்ப்பதா? நாங்கள் ஊர்ப் பாடசாலையைத் தெரிவு செய்தோம். மகள் இப்போது மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். என் அக்காவின் மகள் அதே வயதில் நகரத்துப் பாடசாலைக்கு வேனில் போய் வருகிறாள். இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு வேலிதான் என்பதால் இரண்டு பாடசாலைகளின் நடைமுறைகளும் எனக்கு அன்றாடம் காதில் விழுகின்றன. என் சாய்வு ஊர்ப் பாடசாலையின் பக்கம்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டிலும் கல்வி இலவசம், பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது, பாடத்திட்டமும் ஒன்றே. விளையாட்டு மைதானம், ஆங்கிலத்துக்கும் நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் தனித்தனி ஆசிரியர்கள், பெரிய மண்டபம், பாண்டு வாத்தியக் குழு என்று பார்த்தால் நகரத்துப் பாடசாலைக்குப் பக்கத்தில் ஊர்ப் பாடசாலை நிற்கவே முடியாது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அனுமதி பெறும் நடைமுறையில் வேறுபாடு பெரியது. வயது விதி இரண்டுக்கும் பொது: சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதற்குமேல் நகரத்துப் பாடசாலைக்கு விண்ணப்பிப்பது ஒரு சிறிய வழக்குக்கு ஆயத்தமாவதைப் போன்றது. அருகில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால், உங்கள் வீட்டுக்கு அதைவிட அருகில் இருக்கும், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய ஒவ்வோர் அரச பாடசாலைக்கும் புள்ளி கழிக்கப்படும். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை பாடசாலைகள் வரும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பிரிவில் எமக்கு எதுவும் மிஞ்சாது என்பது விளங்கும். ஆகவே எஞ்சுவது பழைய மாணவர் பிரிவு. அதற்குத் தாயின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள், போட்டிகளில் பெற்ற சான்றிதழ்கள், பழைய மாணவர் சங்க அங்கத்துவப் பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் பெட்டகத்தோடு சான்றிதழ்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தப் பிரிவில் சொல்வதற்குக் கதை இருக்கும், காட்டுவதற்குக் கடதாசி இருக்காது. நேர்முகப் பரீட்சை முடிந்ததும் தற்காலிகப் பட்டியல் ஒட்டப்படும். அதன்பின் மேன்முறையீடும் ஆட்சேபனையும் கேட்டு விசாரித்த பிறகே இறுதிப் பட்டியல் வெளிவரும்.

ஊர்ப் பாடசாலைக்கும் அதே விண்ணப்பப் படிவந்தான். பிறப்புச் சான்றிதழும் வாக்காளர் இடாப்புப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இங்கும் வேண்டும். ஆனால் இடங்களைவிட விண்ணப்பங்கள் குறைவாக இருக்கும் இடத்தில் புள்ளிக் கணக்குக்கு வேலை இல்லை. அதிபர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்து விடுபட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

இவையெல்லாம் ஒரு தடவைப் பாடு. நான் தெரிவு செய்யக் காரணமாக இருந்தது, ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வரும் ஒரு நேரம்: முற்பகல் 11.30.

பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. பெரிய வகுப்புகள் பிற்பகல் 1.30 மணிக்கு விடப்படுகின்றன. ஆனால் முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு 11.30 மணியோடு பாடம் முடிகிறது; மூன்றாம், நான்காம் தரங்களுக்கு 12.30 மணி; ஐந்தாம் தரத்தில்தான் 1.30 மணி வருகிறது. சின்னப் பிள்ளைகள் அதற்குமேல் தாங்க மாட்டார்கள் என்பதால் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது. ஆனால் பாடசாலையைத் தெரிவு செய்யும் நேரத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாடசாலையின் பெயர், பெறுபேறு, ஆங்கிலம் என்று பேசுவார்களே தவிர, பதினொன்றரைக்கு வாசலில் நிற்கப் போவது யார் என்று கேட்க மாட்டார்கள்.

நகரத்துக்குப் போகும் வேன் ஒரு வகுப்புக்காக ஓடுவதில்லை. முதலாம் தரத்துச் சிறுமியும் பத்தாம் தரத்து அக்காமாரும் ஒரே வேனில்தான் போகிறார்கள். காலையில் முதலாவதாக ஏற்றப்படும் வீடு எங்கள் பக்கமென்றால், பிள்ளை ஆறேகாலுக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு படலையில் நிற்க வேண்டும். காத்தான்குடியில் நெரிசல், கல்லடிப் பாலத்தில் நெரிசல், மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமென்ற சாரதியின் அவசரம் வேறு. திரும்பும்போது வேன் 1.30 மணிக்குத்தான் புறப்படும். எனவே முதலாம், இரண்டாம் தரப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அக்காவின் மகள் அப்படித்தான் இரண்டு வருடங்கள் காத்திருந்தாள். பாடசாலை அந்தப் பிள்ளைகளை மண்டபத்தின் ஓரத்தில் ஒன்றாக இருத்தி வைக்கும். யாராவது ஓர் ஆசிரியை பார்த்துக்கொள்வார். ஆனால் அது ஆசிரியை தன் மனத்தால் செய்யும் உதவி. காலையில் கொண்டுபோன சாப்பாடு இடைவேளையிலேயே முடிந்துவிடும். இரண்டு மணி தாண்டி வீட்டுக்கு வரும் பிள்ளை பசியில் அழுதுகொண்டு வருவாள், அல்லது வேனிலேயே தூங்கிவிட்டிருப்பாள். தோளில் போட்டுத்தான் இறக்குவார்கள்.

வேனை விட்டுவிட்டுத் தாய் தகப்பன் யாராவது மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டி வரலாமே என்று கேட்கலாம். வேலைக்குப் போகாத ஒருவர் வீட்டில் இருந்தால் கூடும். நான் பிரதேச செயலகமொன்றில் வேலை செய்கிறேன். கணவர் வாழைச்சேனைப் பக்கம் வேலைக்குப் போகிறார். நாள் தவறாமல் பதினொரு மணிக்கு ஆசனத்தை விட்டு எழும்பிப் போகும் உத்தியோகத்தரை எந்த அலுவலகமும் நெடுநாள் பொறுக்காது.

ஊர்ப் பாடசாலையில் இதே 11.30 எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலாம் தரம் தொடங்கி, புதிய பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவெல்லாம் முடிந்த வாரத்திலேயே வகுப்பாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டு, ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளையையும் கூட்டிப் போகக்கூடிய மூன்று பேருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதச் சொன்னார். அதில் எழுதப்படாத யார் வந்தாலும், அது சொந்த மாமாவாக இருந்தாலும், பிள்ளையை விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் பெயர் என் அம்மாவுடையது. "நான் இருக்கன்தானே, புள்ளய நான் கூட்டி வருவன்" என்று அம்மா சொன்ன அன்றே என் பாதிக் கவலை போய்விட்டது. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வாசலுக்கு வருவார்கள். ஆசிரியை கம்பிக் கதவை ஓராள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, வெளியில் குடையோடு நிற்கும் முகத்தைப் பார்ப்பார், பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். என் அம்மாவை அவர் "அம்மம்மா" என்றே அழைக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் மகள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இப்போது மூன்றாம் தரத்துக்கு வந்தபின் 12.30 ஆகிவிட்டது, அம்மாவுக்கு வெயில் கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

மாரி வந்தால் இந்தக் கணக்கு இன்னும் ஒரு பக்கம் சாயும். கார்த்திகை, மார்கழியில் அடை மழை தொடங்கினால் வேன் நேரத்துக்கு வராது. பாதி வழியில் பாடசாலை விடப்பட்டதாகச் செய்தி வந்தால் வேனைத் திருப்பி அழைப்பதும் பெரும்பாடு. ஊருக்குள் என்றால் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சுகவீனம், லீவு போன்ற அன்றாட விடயங்களிலும் தூரமே தீர்மானிக்கிறது. விதிகள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வராத நாளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், நாட்கள் கூடினால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும், இடையில் பிள்ளையைக் கூட்டிப் போவதாயின் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆனால் பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தால், ஊர்ப் பாடசாலைக்கு அம்மா பத்து நிமிடத்தில் போய்விடுவார். நகரத்துப் பாடசாலையில் காவலாளியிடம் பெயரைப் பதிந்து, அடையாள அட்டையைக் கொடுத்து, வகுப்பாசிரியை வரும்வரை வரவேற்பறையில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தக் கட்டுப்பாடு அவசியம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பெற்றோர் நினைத்த நேரமெல்லாம் வகுப்பறைச் சன்னலில் வந்து நிற்பது ஊர்ப் பாடசாலையின் குறை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சில தாய்மார் கொப்பியில் சரி போட்டதா பிழை போட்டதா என்று பார்ப்பதற்கே வந்து நிற்பார்கள், ஆசிரியை பாவம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்திய அதிகாரியும் வந்து செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை, பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கு மட்டும் நடக்கும். இருநூறு பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரங்களையும் ஒவ்வொரு வருடமும் பார்ப்பார்கள். மகளுக்குக் கண்பார்வையில் ஒரு சிறு குறை இருப்பது இரண்டாம் தரத்தில் அப்படித்தான் தெரிய வந்தது. நகரத்தில் என்றால் நான்காம் தரம் வரை காத்திருந்திருப்போமோ என்று எண்ணுவதுண்டு.

பணத்தில் பெரிய வித்தியாசம் வேன் கூலிதான். எரிபொருள் விலை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அந்த வேகத்தில் இறங்காது. பாடசாலை விடுமுறை மாதத்திலும் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆசனம் வேறொருவருக்குப் போய்விடும். வசதிகள் சேவைக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, வகுப்புக்கென்று சேர்க்கும் பணம் ஆகியவை இரண்டிலும் உண்டு; நகரத்தில் தொகை கூட. ஊரில் பணத்துக்குப் பதிலாக உடம்பைக் கேட்பார்கள். சிரமதானம், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல், காலை உணவு சமைக்கும் தாய்மாருக்கு ஒத்தாசை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போகும் தாய்க்கு இது சில வேளைகளில் சந்தாவைவிடப் பாரமானது. எத்தனை சனிக்கிழமை வரவில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நகரத்துக்குச் சாதகமாக இருக்கும் மிக வலுவான வாதம், ஒருமுறை முதலாம் தரத்தில் சேர்ந்துவிட்டால் உயர்தரம் வரை கவலை இல்லை என்பதாகும். ஊர்ப் பாடசாலையில் ஐந்தாம் தரத்தோடு கதை முடியும். அதன்பின் ஆறாம் தரத்துக்கு, ஐந்தாம் தரத்தில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்து மகா வித்தியாலயத்தைத் தேட வேண்டும். இடையில் தேசியப் பாடசாலைக்கு மாறுவதும் இலேசான காரியமல்ல. இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஏனென்றால் மகள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. நான் வைத்திருக்கும் அரைப் பதில் இதுதான்: புலமைப்பரிசில் அழுத்தம் நகரத்துப் பாடசாலையிலும் குறைவில்லை. இடம் உறுதி என்று தெரிந்த அக்காவின் மகளும் மாலையில் தனியார் வகுப்புக்குப் போகிறாள். அதுவும் இரண்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கி, அரைத் தூக்கத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஆறாம் தரத்தில் வரப்போகும் இடத்துக்காக ஐந்து வயதுப் பிள்ளையின் மத்தியானங்களைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் இதே உறுதியோடு சொல்வேனா என்பது வேறு விடயம்.

எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய மனைவி நகரத்திலேயே ஆசிரியை. அவருக்குப் பாடசாலை வாசலும் வேலைத்தளமும் ஒரே வீதியில் இருக்கின்றன. அவர் பிள்ளையை நகரத்தில் சேர்த்தது முழுக்கச் சரி. வீட்டில் பாட்டி தாத்தா இல்லாமல், தாய் தகப்பன் இருவரும் நகரத்தில் வேலை செய்பவர்களாயின், ஊர்ப் பாடசாலையின் பதினொன்றரைதான் அவர்களுக்குப் பெரிய தலையிடியாக இருக்கும்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பாடசாலைகளையும் விருப்ப வரிசையில் எழுதுங்கள். நகரத்துப் பெயரை முதலில் எழுதினாலும் ஊர்ப் பாடசாலையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் அதிபருக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சிட்டையை விண்ணப்பப் பிரதியோடு குத்தி வையுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வராமல் போனால், நீங்கள் விண்ணப்பித்ததைக் காட்டுவதற்கு அந்தச் சிட்டைதான் இருக்கும்.