காஸ்மிக் வாட்ச் மியூவான் கிட்: காசிமேட்டு மாடியில் எவ்வளவு எடுபடும்?

காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளிக் கதிர், காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணும் கிட் இது. 5×5×1 செ.மீ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பாய்ந்தால் மின்னும் தட்டு), அதில் ஒட்டிய 6 மி.மீ. சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் (அந்த ஒளியை மின்துடிப்பாக்கும் சில்லு), துடிப்பை எண்ண அர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகை: கிட் இவ்வளவுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான டிசைன், யாரும் இலவசமாக எடுத்துச் செய்யலாம். செய்தால் இரண்டாகச் செய்யுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் சுவரின் கதிரியக்கத்தையும் சேர்த்து எண்ணும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இரண்டிலும் ஒரே கணத்தில் விழுவதை மட்டும் எடுக்க வேண்டும்.

சிண்டிலேட்டரை ஃபாயிலில் சுற்றி, கறுப்பு டேப் இரண்டு அடுக்கு போட்டதும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் ஒளி கசிகிறது. மூலை மடிப்புகளை முதலில் பாருங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இதைத் திறந்த மாடியில் வைக்கவே கூடாது. உப்புக்காற்று யு.எஸ்.பி. பின்னை அரித்துவிடும். வெயில் ஏறினால் ஃபோட்டோமல்டிப்ளையரின் பிரேக்டவுன் வோல்டேஜ் (அது வேலை செய்யத் தொடங்கும் மின்னழுத்தம்) டிகிரிக்குச் சுமார் 21 மில்லிவோல்ட் கூடி, சிக்னல் சிறுத்துப்போகும். மேல்தளத்து அறைக்குள் வையுங்கள், ஆனால் தண்ணீர் டேங்குக்கு நேர் கீழே வேண்டாம். டேங்க் நிரம்பும்போது எண்ணிக்கை இறங்கும், காலியானால் ஏறும்; வரைபடத்தில் அது அச்சு அசல் விண்வெளிச் சலனம் போலவே தெரியும்.

காற்றழுத்தமானி கட்டாயம் வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் மியூவான் 0.1 முதல் 0.2% வரை குறையும். காலை 10 மணிக்கு ஏறி மாலை 4 மணிக்கு இறங்கும் நம்மூர் அழுத்தமே தினமும் ஒரு அலையைப் போட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் நெருங்கினால் அழுத்தம் சரிந்து எண்ணிக்கை கூடி, சூரிய அதிர்வலையால் வரும் உண்மையான இறக்கத்தையே மூடிவிடும்.

சூரியனிலிருந்து வரும் அதிர்வலையை முன்கூட்டியே காட்டுமா? காட்டாது. முன்னறிகுறி உண்டு, ஆனால் இந்தக் கிட்டுக்கு எட்டாது. அலைக்குப் பின்னால் காஸ்மிக் கதிர் குறைந்த பகுதி இருக்கிறது. அங்கிருந்து காந்தக்கோடு வழியே ஏறக்குறைய ஒளிவேகத்தில் வரும் துகள்கள் அலையை முந்திவிடும். அதனால் சில மணி நேரம் முன்பே, ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவு பெரும்பாலும் 1 சதவீத அளவுதான். இந்தச் சிண்டிலேட்டர் தட்டில் நிமிடத்துக்கு 25 மியூவான் என்றே வைத்தாலும் மணிக்கு 1,500. புள்ளியியல் பிழையே 2.6%. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இதே வேலைக்கு 560 சதுர மீட்டர் விரித்து, திசை பிரித்து எண்ணுகிறது.

அலை வந்தபின் காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சரியும் ஃபோர்புஷ் இறக்கம் பெரிதாக இருந்தால் நாள் சராசரியில் தெரியும். அப்போது பிழை 0.5%. ஆனால் சென்னையில் காந்தத் தடை (பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டிவரத் துகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு) 17 ஜிகாவோல்ட் பக்கம் என்பதால், பின்லாந்தின் ஓலுவில் தெரிவதைவிட இங்கே பள்ளம் ஆழம் குறைவு. ஒப்பிட, காஸ்மிக் கதிரைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்களின் நியூட்ரான் மானிட்டர் தரவுத்தளத்தில் தாய்லாந்தின் தோய் இந்தனான் நிலையத்தை எடுங்கள்: 16.8 ஜிகாவோல்ட், இலவசம்.

கல்லூரி லேபுக்கு 5க்கு 4. முன்னெச்சரிக்கைக்கென்று வாங்குவதானால் 1.