ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்களைப் படிக்கும் கேப்சர் மென்பொருள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

சப்ளையர்களிடமிருந்து வரும் இன்வாய்ஸ், டெலிவரி சலான், கிரெடிட் நோட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அவற்றிலிருந்து எண், தேதி, தொகை ஆகியவற்றை எடுத்துக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பும் வேலை சில வருடங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. நடுவில் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினோம். பெயர்களை விட்டுவிடுகிறேன். முதலாவதில் பார்த்த குறைகளில் பல, இரண்டாவதிலும் வேறு உருவத்தில் இருந்தன. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டுத் திணறுபவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறாகப் படித்ததை எத்தனை முறை யாருக்கும் தெரியாமல் உள்ளே அனுப்பிவிடுகிறது, இதைப் பார்த்துத்தான் இந்த மென்பொருளை எடைபோட வேண்டும். எத்தனை சதவீதம் சரியாகப் படிக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விற்க வருபவர்கள் 99 சதவீதம் என்பார்கள். அது எழுத்துக்கா, ஃபீல்டுக்கா (எண், தேதி, தொகை போல எடுக்க வேண்டிய ஒவ்வொரு தகவலும் ஒரு ஃபீல்டு), ஆவணத்துக்கா என்று கட்டாயம் கேளுங்கள். எழுத்துக்கு 99 சதவீதம் என்றால், 10 எழுத்துள்ள ஒரு இன்வாய்ஸ் எண் முழுவதும் சரியாக வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம்தான், அதாவது பத்து எண்களில் ஒன்று தவறு. ஒரு இன்வாய்ஸில் இப்படி எத்தனை ஃபீல்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், 99 என்பது அவ்வளவு பெரிய எண்ணாகத் தெரியாது.

மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ஸ்கேனரைத் திறந்து பாருங்கள். தாளைத் தானாக இழுக்கும் ஃபீடர் வழியாகத் தாள் ஓடும்போது ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைத் தாண்டிப் போகும். அந்தப் பட்டையில் ஒரு துளி பசையோ கரெக்‌ஷன் மையோ ஒட்டிக்கொண்டால், அதன் பிறகு வரும் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு விழும். மனிதக் கண் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அந்தக் கோடு தொகை இருக்கும் பத்தியின் இடப்பக்கம் விழுந்துவிட்டால், 450.00 என்பது 1450.00 ஆகிவிடும். அந்த 1 நேராகவும் தெளிவாகவும் இருப்பதால் மென்பொருளுக்குத் துளிகூடச் சந்தேகம் வராது. எங்களிடம் இது நடந்தபோது, பொருள் வரிசைகளின் கூட்டுத்தொகையும் மொத்தமும் ஒத்துப்போகாததால்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் கண்ணாடியைத் துடைப்பது வழக்கமாகிவிட்டது. இந்த வேலைக்கு மொத்தமாகவே ஒரு மென்துணியும் அரை நிமிடமும் போதும்.

ரெசல்யூஷன் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), இதில் பேரம் வேண்டாம். 10 பாயிண்ட் எழுத்து ஒன்றுக்கு 300இல் சுமார் 42 பிக்சல் உயரம் கிடைக்கும், 150இல் அதில் பாதிதான். புள்ளியா காற்புள்ளியா என்பதை அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? 1.250 என்பது சில நாட்டு வழக்கத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, வேறு சில நாடுகளில் ஒன்றேகால். வெளிநாட்டு சப்ளையர்கள் இருந்தால், எண் வடிவத்தையும் தேதி வடிவத்தையும் சப்ளையர் வாரியாக நிர்ணயித்துவிடுங்கள். 03/04 ஏப்ரலா மார்ச்சா என்று மென்பொருளை ஊகிக்க விடாதீர்கள்.

கான்ஃபிடன்ஸ் மதிப்பெண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் மென்பொருள் ஒரு நம்பிக்கை மதிப்பெண் போடும். அது நாம் வைத்த வரம்புக்குக் கீழே போனால் ஃபீல்டு மஞ்சளாகி, சரிபார்க்கும் திரைக்கு வரும். புதிதாக வாங்கும் எல்லோரும் அந்த வரம்பை நகர்த்தியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஏற்றினால் சரியாகப் படித்தவையும் மஞ்சளாகும். அப்போது உட்கார்ந்து பார்ப்பவர் படிக்காமலே என்டர் தட்டிப் பழகிவிடுவார், உண்மையான தவறும் அதே வேகத்தில் போய்விடும். இறக்கினால் தவறுகள் நேராகவே உள்ளே போகும். தவிர, அந்த மதிப்பெண் சொல்வதெல்லாம் படத்தில் தெரியும் வடிவம் எந்த எழுத்தை ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே. தொகையின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதில் 3 என்பது 8 ஆகியிருந்தால், அந்த 8ஐ அது முழு நம்பிக்கையோடு படிக்கும்.

எங்கள் நிலைமையை உண்மையில் மாற்றியவை சரிபார்ப்பு விதிகள்தான். பொருள் வரிசைகளின் தொகைகளைக் கூட்டினால் துணை மொத்தம் வர வேண்டும், அதோடு டாக்ஸைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும், அது அந்த சப்ளையருக்கே உரியதாகவும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) வடிவில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்கு நகர்த்தி, எழுத்துகளை எண்களாக்கி, 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். இந்த விதிகளைப் போட்ட பிறகு கான்ஃபிடன்ஸ் வரம்பைத் தொடவே தேவைப்படவில்லை. ஆனால் இன்வாய்ஸ் எண்ணுக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது. அதில் ஒரு இலக்கம் மாறினால் அதே இன்வாய்ஸ் இரண்டாம் முறை வரும்போது மென்பொருள் புதிது என்றே எடுத்துக்கொள்ளும், பணமும் இரண்டு முறை போகும். அதனால் சப்ளையர், தேதி, தொகை மூன்றும் ஒத்துப்போனால் எண் வேறாக இருந்தாலும் நிறுத்து என்று தனியாக ஒரு விதி வைத்திருக்கிறோம்.

டெம்ப்ளேட் முறையில் ஒவ்வொரு சப்ளையருக்கும் கட்டம் வரைந்து வைக்க வேண்டும். அவர்கள் முகவரியில் ஒரு வரி கூடினால் எல்லாக் கட்டமும் தவறிப்போகும். நாம் திருத்துவதைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் முறை இதைவிட நிச்சயமாக மேல். ஆனால் அவசரத்தில் ஒருவர் நிலுவைத் தொகையை மொத்தம் என்று கிளிக் செய்தால் அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கையெழுத்தை நம்ப வேண்டாம். வெற்றுப் பக்கத்தைத் தானாக நீக்கும் வசதியையும் கவனித்துப் பயன்படுத்துங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பை அது வெற்றுத் தாள் என்று தூக்கிவிடலாம்.

எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, படத்திலேயே தவறு நுழைய வழியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6ஐ 8ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். அவை பயன்படுத்திய ஜேபிக்2 என்ற சுருக்க முறை, ஒன்றுபோலத் தெரியும் வடிவங்களில் ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு மற்ற இடங்களிலும் அதையே போட்டுவிடும். படம் பளிச்சென்று இருக்கும், எண் மட்டும் வேறு. இதைப் படித்த அன்றே எங்கள் ஸ்கேனர் அமைப்பில் சுருக்க முறையைத் தேடிப் பார்த்து, இழப்பில்லாத முறைக்கு மாற்றினோம். நீங்களும் பாருங்கள். காப்பகத்தில் இருக்கும் படமே தவறென்றால் பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது?

இப்போது மொழி மாதிரிகளை (ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, பொருத்தமான சொல்லை ஊகிக்கும் ஏஐ) வைத்துப் படிக்கும் தயாரிப்புகள் வருகின்றன. சோதனைக்கு ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். இதுவரை பார்க்காத வடிவமைப்பையும் டெம்ப்ளேட் இல்லாமல் புரிந்துகொள்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கவலை என்னவென்றால், மங்கிப்போன இலக்கத்தைத் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை நிரப்பிவிடுகிறது. பழைய ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) தடுமாறினால் எழுத்து நடுவில் விசித்திரக் குறிகள் வரும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். இது தரும் தவறோ பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆகவே பழைய விதிகள் அத்தனையும் இதற்கும் தேவை. மதிப்பை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று படத்தில் காட்டாத தயாரிப்பை வாங்காதீர்கள்.

இன்னொன்று, மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் எல்லாவற்றையும் ஓசிஆருக்கு அனுப்ப வேண்டியதில்லை. பலவற்றில் எழுத்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஃபாக்டூர்-எக்ஸ் போன்ற மின்-இன்வாய்ஸ் வடிவங்களில், கணினி நேராகப் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் தரவே கூடவே வரும், அதை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் தீராதது பல பக்க அட்டவணைதான். முந்தைய பக்கத் தொகை என்று அடுத்த பக்கத்தின் தலையில் வருவதை மென்பொருள் இன்னொரு பொருள் வரிசையாக எண்ணிவிடுகிறது. கூட்டல் விதி அதை நிறுத்திவிடுகிறது, பிறகு ஒருவர் உட்கார்ந்து கையால் நீக்க வேண்டியிருக்கிறது. அதனால் இலவசச் சோதனைக் காலத்தில் விற்பனையாளர் தரும் மாதிரித் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே நீளமான, ஸ்டாம்ப் குத்திய, மடிப்பு விழுந்த இன்வாய்ஸ்களைக் கொடுத்துப் பாருங்கள். மஞ்சளானவற்றை விட்டுவிடுங்கள். மஞ்சளாகாமல் போன ஃபீல்டுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.