லைலா ஏரி: மோட்டார் இல்லை, காற்று உண்டு

நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் பூங்காவில், வில்லியம் சி. விட்னி வனப்பகுதிக்குள் இருக்கும் லைலா ஏரியில் மோட்டார்ப் படகுகளுக்கு அனுமதி கிடையாது. கனூ, கயாக் போன்ற துடுப்புப் படகுகள் மட்டுமே செல்லலாம். சுமார் 1,400 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் இப்படியொரு தடை நிலவுவது அரிது. ரயில்பாதை அமைத்த செல்வந்தர் வில்லியம் சூவர்டு வெப்பின் தனிச்சொத்தாக இருந்த காலத்தில் அவருடைய மனைவியின் பெயரைப் பெற்ற இந்த ஏரி, 1979-இல் மாநில அரசின் கைக்கு வந்தது.

ஏரிக்குச் செல்லும் சரளைச் சாலை நீளமானது, மெதுவாகத்தான் ஓட்ட முடியும். வண்டியை நிறுத்திய பிறகும் படகை ஏறத்தாழ அரை கிலோமீட்டர் சுமந்தாக வேண்டும். இருவர் அமரும் பிளாஸ்டிக் கனூ முப்பது கிலோவைத் தாண்டும் என்பதால், வாடகைக்கு எடுப்பவர்கள் காசு கூடினாலும் எடை குறைந்த கெவ்லார் இழைப் படகையே கேட்டு வாங்குவது நல்லது. இந்தச் சுமையைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தை வடிகட்டுவதே அதுதான்.

மோட்டார் இல்லாத ஏரி என்றதும் சாதுவான ஏரி என்று எண்ணிவிடக் கூடாது. படகு இறக்கும் மணற்கரை கிழக்கே இருக்கிறது. காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்து, தடுப்பேதுமின்றி வீசுகிறது. காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் நீர் நண்பகலுக்குள் வெண்ணுரை கட்டிவிடும். எதிர்க்காற்றில் போவதைவிட, காற்று முதுகில் அடிக்கத் திரும்புவதே கடினம்: அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது படகின் முனை ஒருபுறமாகச் சுழல முயலும், அந்த நொடியில் பின்னால் இருப்பவர் துடுப்பைச் சுக்கான்போல் அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கவிழ்ந்தால் விரைந்து வந்து மீட்க மோட்டார்ப் படகும் இராது. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல், கரையோரமாகவே, காலை வேளையில் செல்லட்டும்.

கரையிலும் தீவுகளிலும் உள்ள முகாம் இடங்களுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. முந்தி வருபவருக்கே இடம். கோடை வார இறுதியில் இது பெரும் தலைவலி, ஏனெனில் நல்ல இடத்தைத் தேடி அதே காற்றில் ஏரி முழுவதும் சுற்ற நேரலாம். தீவு கிடைத்தால் கொசுத்தொல்லை சற்றுக் குறையும். இரவில் லூன் பறவைகளின் நீண்ட கூவல் நீர்ப்பரப்பைக் கடந்து வருவதை வேறு எந்த ஓசையும் குலைக்காமல் கேட்க முடிகிறது. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஒலிகூடக் காதில் விழும். மேற்குக் கரையில் படகை விட்டுவிட்டு ஃபிரடெரிகா மலைக்கு நடந்தால், உச்சிப் பாறையிலிருந்து ஏரி தெரியும்.

ஜூன் மாதத்தில் கருநிறக் கடி ஈக்கள் விடமாட்டா. செப்டம்பரில், வார நாளில் செல்வதையே பரிந்துரைப்பேன்.