எட்டு வாரம் பூசிப் பார்த்த எலாஸ்டின் கிரீம்

எங்கள் அக்கா பாம்பன் சின்னப்பாலத்தில் முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும் வேலை. உப்பும் வெயிலும் பட்டுப்பட்டு பின்கழுத்துத் தோல் தடித்து, கட்டம் கட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. அவர் மகள் ராமநாதபுரம் டவுனில் இந்தக் கிரீமை வாங்கி வந்தாள். 50 கிராம், 1,150 ரூபாய். 'இழந்த எலாஸ்டினைத் தோலுக்குத் திருப்பித் தரும்' என்று டப்பாவில் போட்டிருந்தது. இழுத்துவிட்டால் தோலைப் பழையபடி திரும்ப வைக்கும் புரதம்தான் எலாஸ்டின். "இதப் போட்டா தோலு பழையபடி இழுத்துப் பிடிக்குமாடி?" என்று அக்கா கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள் நான். தெரியாது என்று சொல்லிவிட முடியவில்லை.

அக்காவின் இடது கையில் மட்டும் கிரீம், வலது கையில் வீட்டுத் தேங்காய் எண்ணெய். எட்டு வாரம், இரவு தவறாமல். வாரம் ஒருமுறை புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். இரண்டு கையிலும் தோல் ஒரே மாதிரி மெதுவாகத்தான் படிந்தது. வறட்சி குறைந்தது, அரிப்பும் நின்றது. அதுவும் இரண்டு கையிலும்தான். வாசனை உறுத்தவில்லை, பிசுபிசுப்பும் இல்லை. ஈரம் காக்கும் கிரீமாக இது நல்ல பொருள். ஆனால் டப்பாவில் சொன்னது அதையல்ல.

எலாஸ்டின் எப்படி இருக்கும் என்பதை அக்காவுக்கு ஒரு சூரை மீனை அறுத்துத்தான் காட்டினேன். கருஞ்சிவப்பு இதயத்தின் முன்னால் வெள்ளையாக ஒரு குமிழ் இருக்கும். கழுவும்போது நாம் கவனிக்காமல் எறிந்துவிடுவோம். அதை விரலால் இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பும். இதயம் துடிக்கும்போது வரும் ரத்தத்தை வாங்கி விரிந்து, செவுளுக்குச் சீராக அனுப்பும் பை அது. அந்த இழுவை எலாஸ்டினால் வருவது. கணவாயிலும் நண்டிலும் இந்தப் புரதம் கிடையாது. தாடையுள்ள முதுகெலும்பிகளுக்கு மட்டுமே உண்டு.

அதைச் செல் செய்யும் விதம்தான் என்னை இன்றும் அசத்துகிறது. மனிதனில் அதற்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தோலில் இழைகளைச் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லும், ரத்தக் குழாயில் மென்தசைச் செல்லும் முதலில் டிரோப்போஎலாஸ்டின் என்ற தனி மூலக்கூறைச் செய்கின்றன. எடை 60,000 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல். செல்லுக்குள் புரதம் தயாராகும் எண்டோபிளாச வலைக்குள் நுழையும்போதே முன்னால் இருக்கும் 26 அமினோ அமிலம் கொண்ட முகவரித் துண்டு வெட்டப்படும். செல்லுக்குள்ளேயே திரண்டு கட்டியாகிவிடாதபடி ஒரு துணைப் புரதம் கூடவே நடந்து, புரதத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கால்ஜி வழியாக வெளி விளிம்புவரை கொண்டுபோய் விடும். நெய் குளிரில் உறையும்; இது நேர்மாறு, உடல் சூட்டில் திரளும். செல்லின் மேற்பரப்பில் சிறு உருண்டைகளாகத் திரண்டு, வெளியே காத்திருக்கும் ஃபைப்ரில்லின் என்ற வேறொரு புரதத்தின் இழைகளில் போய் அமரும். பிறகு லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிணைக்கும். அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். நான்கு லைசின் சேர்ந்தால் டெஸ்மோசின் என்ற ஒரு முடிச்சு. வலையில் முடிச்சு இல்லாவிட்டால் அது வெறும் நூல்தானே, இதுவும் அப்படித்தான்.

சரி, டப்பாவுக்கு வருவோம். உட்பொருள் பட்டியலில் தண்ணீர், கிளிசரின் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கம் 'ஹைட்ரோலைஸ்டு எலாஸ்டின்' இருக்கிறது. அதாவது, ஏற்கெனவே பின்னிய இழையைத் துண்டு துண்டாக உடைத்தது. 500 டால்டனைத் தாண்டிய மூலக்கூறு தோலின் மேலடுக்கைக் கடப்பதே அரிது. கொஞ்சம் உள்ளே போனாலும் அந்தத் துண்டுகளை எந்தச் செல்லும் எடுத்து இழையில் கோக்காது. மேலே நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

அக்காவின் கழுத்தில் எலாஸ்டின் இல்லாமலும் போகவில்லை. வெயில் பட்ட தோலில் அது சிக்குப்பிடித்த குவியலாகச் சேர்ந்து கிடக்கும், இழையாக இருக்காது. ஒழுங்கான இழையைப் பெரும்பாலும் கருவிலும் சிறுவயதிலும்தான் உடம்பு நெய்கிறது. அதை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்டுகிறோம். இதையெல்லாம் சொன்னபோது அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப எம்புள்ள கழுத்தையாச்சும் மூடச் சொல்லு" என்றார்.

ஆயிரத்துச் சொச்சம் கொடுக்க வேண்டாம். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயோ சாதாரண கிளிசரின் கிரீமோ போதும். அக்கா மகளுக்கு காலர் வைத்த முழுக்கைச் சட்டை வாங்கித் தந்தேன். பாசிக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொள்கிறாள். மிச்சமிருந்த கிரீமை அக்கா குதிகால் வெடிப்புக்குத் தடவித் தீர்த்துவிட்டார்.