சந்தேகத்துக்கு டவுட்டா, சஸ்பெக்டா?

இந்த விவகாரம் எனக்குப் பிடிபட்டதே ஒரு மெயிலால்தான். பழைய வேலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர் மக்கர் பண்ணியது. இங்கிலாந்தில் இருந்த டீமுக்கு "ஐ டவுட் த டிஸ்க் இஸ் ஃபுல்" என்று ஒரு வரி தட்டிவிட்டேன். டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்பது என் கணக்கு. அவர்களோ நேர் எதிராகப் படித்திருக்கிறார்கள், டிஸ்க் நிரம்பியிருக்க வாய்ப்பே இல்லை என்று. மற்ற எல்லாவற்றையும் நோண்டி முடித்து ஒரு மணி நேரம் கழித்துதான் டிஸ்க் பக்கம் வந்தார்கள். நிரம்பித்தான் இருந்தது.

நான் எழுதியிருக்க வேண்டியது "ஐ சஸ்பெக்ட்". இரண்டுக்கும் அகராதியில் சந்தேகம் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் சாயும் பக்கம் வேறு. டவுட் என்று சொன்னால் "அப்படி இருக்காது" என்ற பக்கம் சாய்கிறீர்கள், சஸ்பெக்ட் என்று சொன்னால் "அப்படித்தான் இருக்கும்போல" என்ற பக்கம். தமிழில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. "அவன் வருவானான்னு சந்தேகம்" என்றால் வர மாட்டான், "அவன்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகம்" என்றால் எடுத்திருக்கிறான். வித்தியாசத்தை 'ஆ'வும் 'ஓ'வும் பார்த்துக்கொள்ளும். கோர்ட் செய்தியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரே ஆளைச் சந்தேகத்தின் பேரில் கைது செய்கிறார்கள், அப்புறம் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்கிறார்கள். கைதுக்கு ஆங்கிலத்தில் சஸ்பிஷன், விடுதலைக்கு டவுட். நமக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கதவு!

பிறப்பைப் பார்த்தாலும் இரண்டும் வேறு குடும்பம். டவுட்டின் மூலம் லத்தீனில் தூபிதாரே, அதற்கு அடியில் இருப்பது தூவோ, அதாவது இரண்டு. ஜெர்மனிலும் இரண்டு என்பது ஸ்வை, சந்தேகம் என்பது ஸ்வைஃபெல். "ரெண்டு மனசா இருக்கு" என்று நாம் சொல்வதும் அதே படம்தான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, மனித மனசு எங்கேயும் இரண்டாகத்தான் கிழியும்போல. சஸ்பெக்டில் இரண்டு கிடையாது, பார்வைதான் இருக்கிறது. கீழிருந்து பார்ப்பது, கள்ளத்தனமாகப் பார்ப்பது. ஓரக்கண்ணால் பார்த்தான் என்போமே, அந்த வகை.

டவுட்டை எழுதும்போது வந்து, வாயில் வராத அந்த 'பி' (b) எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லில் 'பி' இல்லவே இல்லை. லத்தீன் படித்தவர்கள் பிற்பாடு, மூலத்தில் இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் சொருகிவிட்டார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லுக்கும் இதே கதி. நம் பிள்ளைகள் டிக்டேஷனில் மார்க் போவது அவர்கள் புண்ணியத்தில்.

சரி, நான் செய்தது சுத்தமான தப்பா என்றால், இங்கேதான் எனக்குக் கொஞ்சம் குஷி. டவுட்டுக்குப் பழைய காலத்தில் பயம் என்ற பொருளும் உண்டு. எதிரி நடுங்கும் அளவுக்குப் பலசாலியை ரிடவுட்டபிள் என்பது அதன் மிச்சம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தன் அப்பாவின் ஆவி ஆயுதக் கோலத்தில் வந்ததைக் கேட்டதும் "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே" என்கிறான். ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறான், அதாவது என் மெயில் இலக்கணம். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும், மழை வந்து தொலைக்கும்போல என்ற அர்த்தத்தில் "ஐ டவுட் இட்'ல் ரெயின்" என்பவர்கள் இருக்கிறார்கள். என் மெயில் எடின்பரோ பக்கம் போயிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆங்கிலத்தின் மற்ற சந்தேகச் சொற்களில் டூபியஸ் டவுட்டின் உடன்பிறப்பு, அதே 'இரண்டு'தான், ஆனால் குணம் கெட்டுப்போனது. ஒரு ஆளை டவுட்ஃபுல் என்றால் மேட்சில் ஆடுவாரா தெரியவில்லை என்று அர்த்தம். டூபியஸ் என்றால் அவரை நம்பிக் காசு கொடுக்காதே என்று அர்த்தம். எனக்குப் பிடித்தது ஸ்கெப்டிகல். கிரேக்கத்தில் அதன் வேர்ப்பொருள் உற்றுப் பார்ப்பது, ஆராய்வது. சஸ்பெக்டில் இருக்கும் பார்வை வேர்தான் இதிலும் இருக்கிறது, தசையும் சதையும் போல எழுத்து மட்டும் இடம் மாறிவிட்டது. ஒரே வேரிலிருந்து ஒன்று ஓரக்கண் பார்வையாகவும் இன்னொன்று நேர் பார்வையாகவும் வளர்ந்திருக்கிறது. யாராவது வாட்ஸ்அப்பில் மருத்துவக் குறிப்பு அனுப்பினால் நான் ஸ்கெப்டிகல், அனுப்பியவரைச் சஸ்பெக்ட் பண்ண வேண்டியதில்லை. இஃபி என்று ஒன்று, 1930களின் அமெரிக்கச் சரக்கு, 'இஃப்' என்பதற்கு வால் வைத்தது. நேற்று வைத்த குழம்பை மோந்து பார்த்துச் சொல்ல வசதி, ஆபீஸ் மெயிலுக்கு வேண்டாம்.

வகுப்பில் கை தூக்கி "சார், ஐ ஹேவ் எ டவுட்" என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளிநாட்டுக்காரர் காதில் அது "நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று விழலாம், அவர்களிடம் கொஸ்டின் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் டவுட் என்றால் கேள்விதான், பாதி புரிந்து பாதி புரியாத கேள்வி, அதற்கு கொஸ்டின் என்பது பொருந்தவே பொருந்தாது.

மெயிலில் 'ஐ டவுட்' என்று கை போனால் இப்போதெல்லாம் அந்த இடத்தில் 'ஐ டோன்ட் திங்க்' என்று போட்டு ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேன். சொல்ல வந்தது தலைகீழாகிறதா? அழித்துவிட்டு சஸ்பெக்ட்.