மோட்டார் கொட்டகையில் வெரிலாக் இன்டரப்ட் கன்ட்ரோலர்: மூன்று சம்பாவுக்குப் பிறகு

மன்னார்குடிப் பக்கம் ஒரு போர்செட்டில் ஓடுவது டாங் நானோ 9கே என்ற எஃப்பிஜிஏ போர்டு: உள் சர்க்யூட்டை வெரிலாக் மொழியில் நாமே எழுதிக்கொள்ளும் சிப். 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக், உள்ளே சின்ன ரிஸ்க்-ஃபைவ் கோர் (ப்ராசஸர்), அதன் வாசலில் எட்டு வரி இன்டரப்ட் கன்ட்ரோலர்: எந்த அவசர சிக்னலை முதலில் கவனிப்பது என்று கோருக்குச் சொல்வது. முன்மாதிரி பழைய பிசிகளில் இருந்த இன்டெல் 8259ஏ சிப். அதிலிருந்து எடுத்தது ஐஆர்ஆர் (வந்த கோரிக்கை), ஐஎம்ஆர் (மாஸ்க், அதாவது தடுத்து வைத்த வரி), ஐஎஸ்ஆர் (இப்போது கவனிப்பில் உள்ளது) என்ற மூன்று ரெஜிஸ்டர் மட்டும். பல சிப்பைக் கோர்க்கும் கேஸ்கேட், தொடக்கத்தில் அமைப்பைச் சொல்லும் ஐசிடபிள்யூ கட்டளை வரிசை இரண்டும் ஒரே சிப்புக்குள் வீண் சுமை.

வரி 0 ஃபேஸ் இழப்பு, 1 ட்ரை ரன் (தண்ணீரில்லாமல் ஓடுவது), 2 ஓவர்லோடு, 3 டைமர், 4 ஜிஎஸ்எம், 5 தொட்டி மிதவை, 6 பட்டன். 7 வேண்டுமென்றே காலி.

எல்லோரும் பயப்படும் பிரயாரிட்டி என்கோடர் (எந்த வரி முந்தியது என்று தேர்வது) வெரிலாக்கில் பத்து வரி கேஸ்இசட் கட்டளை. அது தொல்லையே தரவில்லை. டீஃபால்ட் எழுத மறந்தால் வேண்டாத லாட்ச் (பழைய மதிப்பைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) முளைக்கும், வெரிலாக்கை சர்க்யூட்டாக்கும் யோசிஸ் மென்பொருள் சொல்லிவிடும். தொல்லை முழுக்க சிக்னல் நுழையும் இடத்திலும் அழியும் இடத்திலும்தான்.

வெளி சிக்னலை நேராக உள்ளே விட்டால், ஒரே கிளாக்கில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை வைத்திருக்கும் சர்க்யூட்) 1 என்றும் இன்னொன்று 0 என்றும் படிக்கும். வெக்டர் (கோருக்குப் போகும் வரி எண்) ஒன்று சொல்லும், ஐஎஸ்ஆரில் வேறு பிட் ஏறும். இகாரஸ் என்ற வெரிலாக் சிமுலேட்டரில் இது தலைகாட்டவே காட்டாது. வரிக்கு இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் சிங்க்ரனைசர், எட்ஜ் (சிக்னல் மாறும் கணம்) பிடிக்க மூன்றாவது ஒன்று. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது, கோர் ஒப்புதல் தந்ததும் ஐஆர்ஆர் பிட்டை அழிப்பது. 'ஒப்புதல் வந்தால் அழி, இல்லாவிட்டால் எட்ஜ் வந்தால் ஏற்று' என்று எழுதினால், இரண்டும் ஒரே கிளாக்கில் வரும்போது புது எட்ஜ் போயே போச்சு. முதலில் பிட்டை அழித்து, அதன் மேல் எட்ஜை ஆர் செய்ய வேண்டும்.

ஃபேஸ் இழப்பை எட்ஜில் விடவே கூடாது. ஓர் எட்ஜ் தவறினால் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடி காயில் கருகும். லெவலில் (சிக்னல் இருக்கும் வரை கோரிக்கை) வைத்தால் வேறு சிக்கல்: காரணம் நீங்கும் முன் ஈஓஐ (கவனித்து முடிந்தது என்ற கட்டளை) கொடுத்தால் அதே இன்டரப்ட் திரும்பத் திரும்ப வந்து கோர் அதிலேயே மாட்டிக்கொள்ளும். கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்ட் தரும் பெரிய ரிலே) விடு, வரியை மாஸ்க் செய், பிறகு ஈஓஐ. மாஸ்க்கை எடுப்பது டைமர் வேலை. இவ்வளவு இருந்தாலும் ஸ்டார்ட்டர் பெட்டியின் ஓவர்லோடு ரிலேயைக் கழற்றுவது மடத்தனம்.

மிதவை சுவிட்ச் துள்ளலுக்கு 20 மில்லிசெகண்ட் காத்திருப்பு, அதாவது 5,40,000 கிளாக். கவுன்ட்டர் 20 பிட். 19 பிட் போட்டால் 5,24,287-லேயே சுற்றி பூஜ்யத்துக்குப் போகும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் இன்டரப்ட் வராது. வயர் நீளமானால் 24 வோல்ட்டில் அனுப்பி, 4.7கே ரெசிஸ்டர் வழியாக பிசி817 ஆப்டோவில் (சிக்னலை ஒளியாகக் கடத்தி வெளி வயரைப் பிரித்து வைப்பது) இறக்குவது நல்லது.

காலி வரி 7 ஏன்? லெவல் வரியில் கோரிக்கை ஒப்புதலுக்கு முன்பே மறைந்தால் 8259ஏ ஏழாம் வெக்டரைத் தரும், ஐஎஸ்ஆர் பிட் ஏறாது. இதிலும் அப்படியே, மென்பொருள் அதை எண்ணி மட்டும் வைக்கும். மூணு ஃபேஸ் கரண்ட் திரும்பி, லைனில் உள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஒன்றாக இழுக்கும்போது அந்த எண் ஒன்றிரண்டு கூடுவது சகஜம். நம் கான்டாக்டர் விடும் ஒவ்வொரு முறையும் கூடினால், அதன் காயிலுக்குக் குறுக்கே உள்ள ஆர்சி ஸ்னப்பரை (வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) மாற்றும் நேரம் வந்துவிட்டது.